ஏழாம் கேள்வியில் விடுபட்ட ஆள்

மூன்று மாடி ஏறி வந்து, கேனை இறக்கி வைத்து, மூச்சு வாங்கிக்கொண்டே சிரிக்கும் என் ஆரோக்கியத்துக்கு,

எங்கள் குடியிருப்புக்கு லிஃப்ட் வந்துவிட்டது. நீ இருந்தவரை சங்கக் கூட்டத்தில் பேசிப் பேசியே தள்ளிப்போட்டார்கள். இப்போது தண்ணீர் கேன் போடுகிறவர் கீழேயிருந்து போன் செய்கிறார், கேனை லிஃப்டில் ஏற்றிப் பொத்தானை அழுத்திவிட்டுப் போய்விடுகிறார். அவர் முகம்கூட எனக்குச் சரியாகத் தெரியாது. முதல் நாள் அந்த லிஃப்டில் ஏறியபோது உன் இடது தோள்தான் ஞாபகம் வந்தது. எந்தச் சட்டை போட்டாலும் அந்தத் தோள் மட்டும் நனைந்தே இருக்கும்.

நாளை கல்லறைத் திருநாள். நீ போய் இரண்டு வருடம் ஆகிவிட்டது. உன் கல்லறையைக் கழுவிவிட, உன்னிடம் பாடம் கேட்ட மணியும் மற்றவர்களும் காலையிலேயே போகிறார்கள். நானும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அதற்கு முன்னால் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு வேலை கொடுத்தாய் அல்லவா? அதை இரண்டு வருடம் செய்யாமலே வைத்திருந்தேன். போன வியாழக்கிழமைதான் செய்து முடித்தேன்.

ஏன் இவ்வளவு நாள் ஆயிற்று என்று கேட்பாய். கேட்க உனக்கு உரிமை உண்டு. முதலிலிருந்து சொல்கிறேன். இதை வாசிக்கும் மற்றவர்களுக்கும் அப்போதுதான் புரியும்.

அம்பத்தூரில் நான் இந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து நீதான் தண்ணீர் கொண்டுவந்தாய். முதல் நாள் பெயர் கேட்டேன். "ஆரோக்கியம்க்கா. தண்ணி சுத்தமா கீதான்னு இனிமே கேக்கவே தேவையில்ல பாருங்க" என்றாய். நான் ஆசிரியை என்று தெரிந்ததும் 'டீச்சரக்கா' ஆகிவிட்டேன். முப்பத்தொரு வருடம் அறிவியல் ஆசிரியையாக இருந்தவளை எத்தனையோ பேர் டீச்சர் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். அதன் பின்னால் முதன்முதலில் ஓர் அக்காவை ஒட்டவைத்தவன் நீதான்.

மூன்று வருடம் இப்படியே போனது. அப்புறம் ஒரு காலை, கேனை இறக்கிவிட்டுக் கிளம்பாமல் நின்றாய். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்தாய்.

"டீச்சரக்கா, இதைக் கொஞ்சம் தமிழ்ல எழுதிக் குடுங்க."

வாங்கிப் பார்த்தேன். "இது தமிழ்லதானே இருக்கு?"

"அக்காங், தமிழாம்! நம்ம பசங்க இதைப் பார்த்துட்டு கோர்ட்டு சம்மன்னு நெனைச்சுக்கினு ஓடுறானுங்க."

உன் பசங்க யார் என்று கேட்டேன். வாசற்படியில் நின்றபடியே சொல்லிவிட்டாய். "நான் ஆம்பளைங்ககூடப் போறவன்க்கா. காசுக்கு. என்னை மாதிரி நிறையப் பேரு கீறாங்க. மண்ணூர்பேட்டைல ஒரு ஆபீஸ் கீது, அங்க எங்களுக்கெல்லாம் எச்.ஐ.வி. பத்திச் சொல்லித் தருவாங்க. இப்ப நானே மத்தவனுக்குச் சொல்றேன்."

காபி போடட்டுமா என்று கேட்டேன். கைக்கு ஏதாவது ஒரு வேலை வேண்டியிருந்தது. நீ அதையும் கண்டுபிடித்துவிட்டாய். "புடிக்கலன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிடுங்கக்கா. கேனுக்கு வேற ஆளை அனுப்பிடறேன்" என்றாய். சர்க்கரை எத்தனை ஸ்பூன் என்று கேட்டேன். நீ செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாய்.

அந்தச் சாப்பாட்டு மேசை இன்னும் அப்படியேதான் இருக்கிறது. எதிரும் புதிருமாக உட்கார்ந்து, சிவப்புப் பேனாவை வைத்துக்கொண்டு அந்தத் தாளைத் திருத்தினோம். பத்துக் கேள்விகள். பாதிக்கு மேல் ஒரு பத்தி நீளம். சில சொற்களை என்னால் வாய்விட்டுப் படிக்க முடியவில்லை. விரலால் தொட்டுக் காட்டி "இது" என்றேன். நீ அடக்க முடியாமல் சிரித்தாய். அப்போதுதான் உன்னிடம் ஓர் உண்மையை ஒத்துக்கொண்டேன். இனப்பெருக்கம் பற்றிய பாடம் வரும்போதெல்லாம் "இதை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறவள் நான்.

"நீங்க நடத்தாம வுட்டுட்டீங்க. அதான் நாங்க நடத்திக்கினு கீறோம்" என்றாய்.

அந்த வருடம் நான் எவ்வளவு சிரித்தேன்! உன் ஆட்களுக்கு இருந்த சந்தேகங்களை நீ கொண்டுவந்து கொட்டுவாய். நான் அதற்கெல்லாம் உதாரணம் தேடுவேன். கொசு கடித்தால் வருமா என்றாய். இளநீர்க் கடையை உதாரணம் காட்டினேன். குழலைப் போட்டு நாம் உறிஞ்சுகிறோம், போன இளநீரை இந்த இளநீருக்குள் துப்புவதில்லை. கொசுவும் அப்படித்தான், ஒருவர் ரத்தத்தை இன்னொருவர் உடம்பில் கொண்டுபோய்ச் செலுத்துவதில்லை என்றேன். இரண்டு ஆணுறை போட்டால் இரண்டு மடங்கு பாதுகாப்பா என்றாய். இல்லை, ஒன்றோடு ஒன்று உரசிக் கிழியும், ஒன்றே போதும் என்றேன். பார்க்க வாட்டசாட்டமாக இருப்பவனுக்கு நோய் இருக்காது என்று நம்புகிறார்களே என்றாய். உன்னையே உதாரணம் காட்டினேன். "உன் பேரைக் கேட்டு நான் தண்ணியைக் கொதிக்கவைக்காம குடிச்சா, அது என் முட்டாள்தனம்தானே?"

பலூன் ஞாபகம் இருக்கிறதா? உறையோடு தேங்காய் எண்ணெய் சேர்த்துக்கொள்கிறார்கள், வேண்டாம் என்றால் கேட்பதில்லை என்றாய். பிறந்தநாள் பலூன் இரண்டு வாங்கிவரச் சொன்னேன். இரண்டையும் ஊதிக் கட்டி, ஒன்றில் தண்ணீரும் மற்றதில் எண்ணெயும் தடவிவைத்தோம். நீ ஒன்றும் ஆகாது என்று பந்தயம் கட்டிவிட்டு வர்க்கியைக் காபியில் தொட்டுக்கொண்டிருந்தாய். எண்ணெய்ப் பலூன் படார் என்று வெடித்தது. வர்க்கி காபிக்குள் விழுந்தது. எதிர்வீட்டு அம்மா கதவைத் திறந்து பார்த்தார். "இன்னா டீச்சர், தண்ணி கேன்காரன்கூடப் பலூன் வுட்டு வெள்ளாடுறீங்களா?" நீ எழுந்து நின்று, "பாடம் நடக்குதும்மா, டிஸ்டர்ப் பண்ணாதீங்க" என்றாய்.

அதன்பிறகு மண்ணூர்பேட்டையில் நான் 'பலூன் டீச்சர்' ஆனேன். அந்த மாடி அறைக்கு என்னை முதல்முறை நீ கூட்டிப்போன மதியம், பாயில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள். தொழிற்பேட்டை எஸ்டேட்டில் வேலை செய்கிறவர், சமையல் வேலைக்குப் போகிறவர், கரையான்சாவடியில் கடையில் நிற்கிறவர். தெருவில் பார்த்தால் யாரோ ஒருவர் என்று தாண்டிப் போய்விடக்கூடிய முகங்கள். நம் பத்துக் கேள்விகளை அச்சடித்துக் கொடுத்தீர்கள். எல்லாருமே பத்துக்குப் பத்து.

வகுப்பு முழுக்க நூற்றுக்கு நூறு வாங்கினால் பிள்ளைகளைப் பாராட்டுவதற்கு முன்னால் கேள்வித்தாளைச் சந்தேகப்பட வேண்டும். புதிதாக வரும் ஆசிரியர்களுக்கு நான் சொல்லும் முதல் புத்தி அது. அன்று அது எனக்கே மறந்துபோனது. திரும்பி வரும்போது நீதான் லேசாகச் சந்தேகத்தைக் கிளப்பினாய். எஸ்டேட் ரோட்டில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. "ஹெல்மெட் போடணும்னு தெரியாதவன் ஒருத்தன் கீறானா பாருங்கக்கா. ஆனா அது எங்க தொங்குது? கண்ணாடில தொங்குது. போலீஸைப் பார்த்தாத்தான் தலைக்கு ஏறும்." நல்ல உதாரணம் என்று உன்னைப் பாராட்டினேன். நீ உன்னைப் பற்றித்தான் சொல்கிறாயோ என்று தோன்றவில்லை.

இப்போது ஏழாம் கேள்விக்கு வருகிறேன்.

பழைய தாளில் அது இப்படி இருந்தது: "தாங்கள் உறவு கொள்ளும் ஒவ்வொரு துணைவருடனும் ஒவ்வொரு முறையும் ஆணுறை பயன்படுத்துகிறீர்களா?" துணைவர் என்பது கல்யாணப் பத்திரிகைச் சொல், இங்கே பொருந்தாது என்று நான் அடித்தேன். உங்களிடம் வருகிறவர்கள் யார் என்று கேட்டேன். "வர்றவன், போறவன். யாருன்னே தெரியாது" என்றாய். நான் எழுதினேன்: "முன்பின் தெரியாதவரோடு போகும்போது தவறாமல் உறை போடுகிறாயா?" படித்துப் பார்த்தேன். சின்ன வாக்கியம், யாருக்கும் புரியும். எனக்கே அதன்மேல் ஒரு பெருமை.

நீ அதை இரண்டு தடவை படித்தாய். தாளின் முனையை மடித்தாய், பிரித்தாய். "நல்லா கீதுக்கா" என்றாய். மாடி ஏறிய களைப்பு என்று நினைத்தேன். அப்போதே ஒருமுறை "என்ன?" என்று கேட்டிருக்கலாம். பிள்ளைகள் புரியவில்லை என்று கைதூக்க மாட்டார்கள், முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாததா?

உன் வீட்டாளை நீ அழைத்து வந்த ஞாயிற்றுக்கிழமையும் மறக்கவில்லை. அவர் பெயரை இங்கே எழுத மாட்டேன். நீயும் என்னிடம் பெயர் சொன்னதில்லை, புருஷனைச் சொல்வதுபோல "நம்ம ஊட்டாளு" என்றுதான் சொல்வாய். லேத்தில் வேலை செய்யும் கை, விரலிடுக்கில் கறுப்புக் கறை. வேப்பம்பட்டில் அவர் எடுத்திருந்த அறைக்கு ஞாயிறு தவறாமல் போவாய். ஆறு வருடம். அன்று அவருக்குச் சாம்பாரை நீயே ஊற்றினாய், ஊற்றிக்கொண்டே இருந்தாய். அவர் "போதும், நீ உக்காரு" என்றார். அந்த மூன்று சொல்லுக்கு நீ முகம் சிவந்து போனாயே! வீட்டில் பெண்பார்க்க வந்தவர்கள் முன்னால்கூட நான் அப்படிச் சிவந்ததில்லை.

அப்புறம் இருமல் வந்தது. கேன் தூசு என்றாய், பனி என்றாய். இளைத்தாய். மூன்றாவது மாடிக்கு வர இரண்டு இடத்தில் உட்கார்ந்தாய். ஆஸ்பத்திரிக்குப் போனபோது டி.பி. நெஞ்சு முழுக்கப் பரவியிருந்தது. மற்றப் பரிசோதனையும் செய்தார்கள்.

மதிய வேளையில் உன்னைப் பார்க்க வந்தேன். ஜன்னலோரக் கட்டில். "இன்னாக்கா, ரிசல்ட் பாக்க வந்தீங்களா? பாசிட்டிவ்" என்றாய். "கவுன்சிலர் வந்து எல்லாம் சொன்னாரு. நான் நம்ம பசங்களுக்குச் சொல்ற அதே பாட்டு. நடுவுல ரெண்டு இடத்துல அவரு மறந்துட்டாரு, நான்தான் எடுத்துக் குடுத்தேன்."

"உனக்குத் தெரியாததா, ஆரோக்கியம்? எப்படி?"

"ஏழாங்கேள்விக்கு நான் பொய் சொன்னதே இல்லக்கா. முன்பின் தெரியாதவன்கூட ஒரு தபாகூட உறை இல்லாம போனதில்ல. ஊட்டாளு தெரிஞ்சவருதானே?"

உன் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன்.

"எங்களைத் தெரிஞ்சவன்னு சொல்லிக்க யாரு கீறாங்க? ஒரே ஒருத்தரு கெடைச்சாரு. அவரையும் காசு குடுக்குற பார்ட்டி மாதிரி நடத்தினா அவரு இன்னா நெனைப்பாரு? புருஷன்கூடச் சாப்புட உக்காரும்போது கைல பிளாஸ்டிக் கவரா மாட்டிக்குவாங்க?"

ரத்தப் பரிசோதனைக்கு எத்தனை பேரைக் கூட்டிப்போயிருக்கிறாய்! அந்த அறைக்கு வெளியே 'நம்பிக்கை மையம்' என்று பலகை இருக்கும். நீ மட்டும் வருடக்கணக்கில் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாய். ஏன் என்று கேட்டேன். "நம்பிக்கை கீறவன் எதுக்குக்கா நம்பிக்கை மையத்துக்குள்ள போவணும்?" என்று சிரித்தாய். சிரித்ததில் இருமல் வந்துவிட்டது.

யாரிடமிருந்து யாருக்கு என்று நீ கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. உன் வீட்டாளிடம் நீயே சொல்லிவிட்டாய். அவர் அன்றைக்கே போய்ப் பரிசோதனை செய்துகொண்டார். முடிவு என்ன என்பது அவருடையது, எழுதுவதற்கில்லை. அடக்கத்தன்று கடைசி வரிசையில் நின்றார் என்பதை மட்டும் உனக்குச் சொல்லலாம்.

சீக்கிரம் கண்டுபிடித்திருந்தால் தினம் மாத்திரை, நீண்ட ஆயுள். எத்தனையோ பேர் அப்படி வேலைக்குப் போய்வந்துகொண்டு நன்றாக இருக்கிறார்கள். அதை எல்லாருக்கும் சொன்னவனும் நீதான்.

அந்த மதியம்தான் எனக்கு அந்த வேலையைக் கொடுத்தாய். "நான் போனப்புறம் நம்ம பசங்ககிட்ட சொல்லிடுங்கக்கா. பேரோட சொல்லுங்க. ஆரோக்கியம்னு பேரு வெச்சவனுக்கே வந்துச்சுன்னு சொன்னாத்தான் நம்புவானுங்க. அந்தக் கேள்வியையும் மாத்திடுங்க."

சரி என்றேன். சொல்லவில்லை.

அடக்கத்தன்று எல்லாரும் டி.பி. என்றார்கள், நானும் தலையாட்டினேன். "எங்களுக்குப் பாடம் சொன்ன அண்ணன்" என்று மணி அழுதபோது, அந்த அண்ணன் பெயரில் ஒரு கறையை நான் எப்படி வைப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது கறை இல்லை என்று உன்னோடு உட்கார்ந்து அத்தனை நாள் எழுதியவளும் நான்தான். உண்மையைச் சொன்னால், அந்த வாக்கியம் என்னுடையது என்று சொல்லப் பயந்தேன். மறுபடியும் பக்கத்தைப் புரட்டிவிட்டேன்.

போன வியாழக்கிழமை மணி வந்தான். இப்போது உன் வேலையை அவன்தான் பார்க்கிறான். கேள்வித்தாளைச் சின்னப் புத்தகமாகப் போடுகிறார்களாம், பின்னட்டையில் உன் படம். "ஒரு கமாகூட மாத்தக்கூடாது டீச்சரக்கா. அண்ணன் எழுதினது அப்படியே வரணும்" என்றான். என்னை வந்து ஒருமுறை வாசித்துக் கொடுக்கச் சொன்னான். போனேன். அதே மாடி, அதே பாய். ஆறு கேள்வி வாசித்தேன். ஏழாவதில் நின்றுவிட்டேன்.

"இது தப்பு" என்றேன்.

"இன்னாக்கா தப்பு? அண்ணன் எழுதினது."

"அண்ணன் எழுதல. நான் எழுதினேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். துணைவர் என்ற சொல்லை அடித்தது, நீ தாளின் முனையை மடித்தது, ஜன்னலோரக் கட்டில், ஊட்டாளு, நம்பிக்கை மையத்தின் பெஞ்சு. பேரோடு சொன்னேன்.

மணிதான் முதலில் பேசினான். அவன் முகம் கறுத்திருந்தது. "ரெண்டு வருஷமா வாயை மூடிக்கினு இருந்தீங்களே டீச்சர். இந்த ரெண்டு வருஷமும் இதே பேப்பரைத்தான நான் எல்லாருக்கும் குடுத்துக்கினு இருந்தேன்?"

வெறும் டீச்சர். அக்கா இல்லை. தப்பு என்னுடையதுதான் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

யாரோ மூலையிலிருந்து மெதுவாகக் கேட்டார். "அப்போ ஊட்டாளுக்கும் உறைன்னா, அவனை ஊட்டாளுன்னு கூப்புடறதுல இன்னா மாமே கீது?"

"நீ அவனை ஊட்டாளுன்னு சொல்லிக்கினு கீற. அவன் உன்னை வாரத்துக்கு ஒரு நாள் வர்ற விருந்தாளின்னு வெச்சுக்கினு கீறான்" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"டேய், என் ஆளைப் பத்திப் பேசாத!"

"பேசல மாமே. ரெண்டு பேரும் போய் டெஸ்ட் எடுத்துக்கினு வாங்க, அப்புறம் ஜோடியா விருந்து வெக்கறேன்."

சிரித்துவிட்டார்கள். நானும். அந்தச் சிரிப்பில் நீ இல்லாதது எவ்வளவு தெரிந்தது, ஆரோக்கியம்!

அப்புறம் அவர்களே எழுதினார்கள். நான் பேனாவைத் தொடவில்லை. ஏழாவதை இரண்டாகப் பிரித்தார்கள். பழையது 'அ'. புதியது 'ஆ': "உன் ஊட்டாளோட இருக்கறப்ப உறை போடுறியா? ரெண்டு பேரும் சேர்ந்து டெஸ்ட் எடுத்துட்டீங்களா?" ஊட்டாளு என்று அச்சில் போடலாமா என்று என்னைக் கேட்டார்கள். அதைத்தான் போட வேண்டும் என்றேன். கையோடு தாளில் எழுதி எல்லாரும் பதில் குறித்தார்கள். பெயர் எழுத வேண்டாம் என்றார்கள். அறை அமைதியாகிவிட்டது. தேர்வறையில் கடினமான கேள்வி வந்தால் பேனாக்கள் நிற்கும் பார், அந்த அமைதி.

திருத்திப் பார்த்தேன். ஒருவர்கூட முழு மதிப்பெண் வாங்கவில்லை. என் வேலைக்காலம் முழுவதும் ஒரு வகுப்பு மொத்தமாகக் குறைந்த மதிப்பெண் வாங்கி நான் சந்தோஷப்பட்டதில்லை. அன்று கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று.

கிளம்பும்போது மணி படிவரை கூடவே வந்தான். தன் தாளை மட்டும் கொடுக்காமல் கையிலேயே மடித்து வைத்திருந்தான். கீழ்ப்படியில் நின்று சொன்னான்.

"எனக்கும் பத்துக்கு ஒம்போதுதான்க்கா."

அந்த 'க்கா' திரும்பி வந்ததைக் கவனித்தாயா? சனிக்கிழமை அவன் தன் ஆளைக் கூட்டிக்கொண்டு போனான். "பெஞ்சுல உக்காரல டீச்சரக்கா, உள்ள போனோம்" என்று போனில் சொன்னான். முடிவு அவர்களுடையது.

நாளைக்கு வருகிறேன். வர்க்கி கொண்டுவருவேன், உனக்குப் பிடிக்கும் என்று மணியிடம் கொடுத்துச் சாப்பிடச் சொல்வேன். அச்சான புத்தகம் வந்ததும் முதல் பிரதியை எதிர்வீட்டு அம்மாவிடம் கொடுக்கப்போகிறேன், அவர் பேரன்கள் இரண்டு பேர் கல்லூரியில் படிக்கிறார்கள். முகம் சுளித்தால் பலூன் ஊதிக் காட்டுகிறேன். யார் என்ன கேட்டாலும் விரலால் தொட்டுக் காட்டாமல், சொல்லை வாய்விட்டுச் சொல்வேன். உன் பேரையும் அப்படியே சொல்வேன், நீ கேட்டபடி.

வீட்டில் படித்துக்கொள்ளுங்கள் என்று இனி யாரிடமும் சொல்லமாட்டாத,
உன் டீச்சரக்கா